மடைச்செய் உளுந்து

கருங்குளம்,
27-1-1959

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை ராக்கு எழுதுகிறேன். அய்யாவும் அம்மாவும் சுகம். உன் உடம்பும் மச்சான் உடம்பும் எப்படி இருக்கின்றன? பொங்கலுக்கு நீங்கள் வராதது அம்மாவுக்குப் பெரிய குறை.

இதை யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். இருவரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைப் பானைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இங்கே நடப்பதை உனக்கு எழுதக் கூடாது என்று அய்யா உத்தரவு. கட்டிக்கொடுத்த வீட்டுக்கு நம் வம்பு போகக் கூடாதாம். ஆனால் என் பயத்தைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

நம் மடைச்செய் உனக்கு நினைவிருக்கும். கண்மாய் மடையை ஒட்டிய முதல் வயல். ஊரில் எல்லா வயலும் வெடித்த பிறகும் அங்கே மட்டும் கால் புதையும். மார்கழியில் கிராம சேவக் காதர் மைதீன் சார் வந்து ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார். நெல் அறுக்க எட்டு நாள் இருக்கும்போதே அந்த ஈரத்தில் உளுந்தை வீசிவிட்டால், அறுத்த நெல்லின் அடிக்கட்டைக்கு நடுவே அது முளைத்து, எழுபது நாளில் காய்த்துவிடும் என்று அதில் இருந்தது. தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். நெல் ஒன்றையே நம்பி இரண்டு வருஷமாக ஆவணியிலேயே நம் குதிர் காலியாகிவிடுகிறது அல்லவா? அய்யா அந்தத் தாளை மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னார். நான்காம் நாள் விதைத்துவிட்டார்.

ஊரே சிரித்தது. “ஏலே கூத்தையா, நெல்லுக்குள்ள உளுந்தப் போட்டா இட்லியா வெளையும்?” என்று ஊர்ப் பெரியவர் அம்பலம் செல்லச்சாமி கேட்டார். அய்யாவும் சேர்ந்து சிரித்தார்.

நேற்று யாரும் சிரிக்கவில்லை. நெல் அறுத்து முடிந்தது. உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கிறது. அய்யா கருவேல முள் வெட்டி வந்து வயலைச் சுற்றி வேலி வைக்கத் தொடங்கினார். கடைசி வயலும் அறுத்ததும் தமுக்கு அடிப்பார்கள், அதற்குப் பிறகு அடுத்த உழவு வரை எந்த வயலும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லார் மாடும் எங்கேயும் மேயலாம், வெளியூர் ஆட்டுக் கிடையும் வந்து இறங்கும். நம் ஊரில் தமுக்குக்குப் பிறகு வேலி வைத்த ஆள் இதுவரை இல்லை. வேலியைப் பார்த்தவர்கள் ஒன்றும் பேசாமல் போனார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது. ராமசுப்பிரமணியன் வாத்தியாரே போஸ்ட் மாஸ்டரும் என்பதால் என் கையிலேயே கொடுத்துவிடுவார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ராக்கு

*

ஆலடிவலசை,
9-2-1959

அன்புத் தங்கை ராக்குவுக்கு,

அக்கா சேதுலட்சுமி ஆசி கூறி எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். ஆடுகளும் சுகம். இந்த வருஷம் குட்டிகளோடு இருநூற்று நாற்பது உருப்படி. உன் மச்சானுக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. ஊருணியிலிருந்து தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கி வருகிறார். “சோணைமுத்து, இடுப்புல வைக்கவா, தலையில வைக்கவா?” என்று பெண்கள் கேலி பண்ணுகிறார்கள். அவர் காதில் வாங்குவதே இல்லை.

உன் கடிதம் படித்தேன். பெரியவர்கள் விவகாரத்தை நினைத்து நீ படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எட்டாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. அய்யா யோசிக்காமல் எதையும் செய்கிறவர் இல்லை.

ஒன்று மட்டும் எழுது. வேலி மடைச்செய் முழுவதற்குமா, பாதிக்கா? கண்மாயில் ஆடு தண்ணீர் குடிக்கப் போகும் வழி அதற்குள்தானே வருகிறது? அறுவடை எப்போது? நாள் கணக்காகச் சொல்லு. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மாவைக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லு.

உன் அக்கா,
சேதுலட்சுமி

*

கருங்குளம்,
16-2-1959

அன்புள்ள அக்காவுக்கு,

ராக்கு எழுதுகிறேன். எல்லாருக்கும் உடம்புக்குக் குறையில்லை. உங்கள் சுகம் எழுதவும். மச்சான் குடம் தூக்கும் கதையை அம்மாவிடம் சொல்ல முடியாததால் நான் மட்டும் சிரித்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: வேலி முழு வயலுக்கும். வழி அதற்குள்தான் இருக்கிறது. விதைத்தபோது அய்யா அதை நினைக்கவே இல்லை. அறுத்த பிறகு ஊரில் எல்லாமே வழிதானே, அதனால் இதைத் தனியாக ஒரு வழி என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஈரம் எங்கே அதிகமோ அங்கே விதைத்தார். ஈரம் அதிகமான இடம்தான் ஆடு தண்ணீருக்கு இறங்கும் இடமும். உளுந்து எடுக்கப் பங்குனி நடுவாகும்.

வெள்ளிக்கிழமை தமுக்கு அடித்தார்கள். அன்று மாலையே கோவில் முன்னால் கூட்டம். நான் அம்மாவோடு சுவர் ஓரம் நின்றேன். அம்பலம் கோபப்படாமல்தான் பேசினார். கிடை வந்து இரவில் ஆடு படுத்தால்தான் ஊரில் வயல்களுக்கு எரு. ஆட்டுக்குத் தண்ணீர் இல்லையென்றால் கிடைக்காரன் வேறு ஊருக்குப் போய்விடுவான். எருவில்லாமல் அடுத்த வருஷம் யார் வயலில் நெல் நிற்கும் என்று கேட்டார். எனக்கே அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அய்யா இன்னும் ஒன்றரை மாதம் போல வடகரை வழியாக ஆட்டை ஓட்டச் சொல்லும்படி கேட்டார். வடகரை முழுவதும் சேறு, குட்டிகள் புதைந்துவிடும் என்றார்கள். பேச்சு ஏறியது. கடைசியில் அம்பலம் சொன்னார்: “முள்ளு வேலி ஆட்டத்தான் நிப்பாட்டும் கூத்தையா. தீய நிப்பாட்டுமா?”

அய்யா எழுந்து நின்றார். “என் செய்யில மொதக் கால வைக்கிறது ஆடா இருந்தா ஆடு. ஆளா இருந்தா ஆளு” என்றார். ஊர் முழுக்கக் கேட்டது.

மறுநாள் வீச்சரிவாளைத் தீட்டினார். வெகு நேரம் தீட்டினார். இப்போது வயலிலேயே குடிசை போட்டு இருக்கிறார். நான்தான் கஞ்சி கொண்டுபோகிறேன். அரிவாள் தலைமாட்டில் இருக்கிறது. அய்யா அதைப் பார்க்காமல் கஞ்சி குடிக்கிறார், நான் அதை மட்டுமே பார்க்கிறேன்.

ராக்கு

*

கருங்குளம்,
23-2-1959

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? என் கடிதம் கிடைத்ததா? தினமும் தபால் பையைப் பிரிக்கும்போது வாத்தியார் பக்கத்தில் போய் நிற்கிறேன். அவர் தலையை ஆட்டிவிடுகிறார்.

நேற்றுக் காலை வேலி ஓரத்தில் வைக்கோல் பிரி ஒன்று பாதி எரிந்து கிடந்தது. பெரிய தீ இல்லை. தீ என்றால் எப்படி இருக்கும் என்று காட்டியது போல. அய்யா அதைக் காலால் நசுக்கிவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்றார். உன்னிடமும் சொல்லாதே, அம்மாவிடமும் சொல்லாதே. எனக்குள் இடம் போதவில்லை அக்கா.

உளுந்து பூத்துவிட்டது. மஞ்சளாக, பொடிப்பொடியாக. காதர் மைதீன் சார் வந்து பார்த்து, தாலுகா அலுவலகத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்று போனார். திரும்பி வரவில்லை.

போன வருஷம் வந்த கிடைக்காரர் இந்த வருஷம் வரவில்லையாம். அம்பலம் வேறு யாரிடமோ வாக்கு வாங்கியிருக்கிறாராம். யார் என்று அவர் சொல்லவில்லை. மச்சானுக்குக் கிடைக்காரர்களைத் தெரியுமே. யாரென்று விசாரித்து, வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லேன்.

ராக்கு

*

ஆலடிவலசை,
28-2-1959

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாமல் இருந்தது தபாலின் குற்றம் இல்லை.

இந்த வருஷம் கருங்குளத்துக்கு வருவது உன் மச்சான் கிடைதான். கார்த்திகையிலேயே அம்பலத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மாமனார் ஊர் என்பதால் சந்தோஷமாகத்தான் கொடுத்தார். அப்போது உளுந்தைப் பற்றி யாருக்குத் தெரியும்? உன் முதல் கடிதம் வந்ததும் அவரை மறுக்கச் சொன்னேன். கொடுத்த வாக்கை ஒரு தடவை மாற்றினால் இனி எந்த ஊரிலும் நம் ஆட்டுக்குக் கால் வைக்க இடம் கிடைக்காது என்கிறார். கடற்கரை மணலில் இப்போது மேய்க்கப் புல்லும் இல்லை. “மாமாவாவது என்னைய வெட்டுறதாவது” என்று சிரிக்கிறார். அய்யா ஊர் முன்னால் சொன்ன சொல்லை நான் அவருக்கு முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் இவரும் வீம்புக்குப் போவார்.

மார்ச் ஆறாம் தேதி இங்கிருந்து புறப்படுகிறார். மேய்த்துக்கொண்டே நடந்தால் பதினொன்றாம் தேதி புதன்கிழமை உங்கள் ஊர் எல்லை.

இதை அய்யாவிடம் சொல்வதா வேண்டாமா என்று என்னால் முடிவு பண்ண முடியவில்லை.

சேதுலட்சுமி

*

கருங்குளம்,
3-3-1959

அக்காவுக்கு,

ராக்கு. சுகம்.

அய்யாவிடம் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுவதும் யோசித்தேன். மச்சான் என்று தெரிந்தாலும் அவர் ஊர் முன்னால் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டார். மருமகன் என்றதும் அரிவாள் இறங்கிவிட்டது என்று ஊர் சொல்லும், அதற்காகவே வேலியில் நிற்பார். மச்சான் சிரித்துக்கொண்டே ஆடுகளுக்கு முன்னால் வருவார். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

அய்யா அன்றைக்கு ஊரில் இருக்கக் கூடாது. உளுந்து போனால் போகட்டும். உனக்கு உடம்பு சரியில்லை, உடனே வரவும் என்று அய்யா பெயருக்கு ஒரு கார்டு போடு. ஒன்பதாம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான்தான், நானே படித்துக் காட்டுவேன். புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கு அவரை அனுப்பிவிடுவேன். அவர் போனதும் வேலியை நானே பிரித்துவிடுவேன். அவர் திரும்பும்போது காவல் காக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது.

நோய் என்று பொய் எழுத உனக்கு மனம் வராது என்று தெரியும். எழுது அக்கா.

ராக்கு

*

(கார்டு)

ஆலடிவலசை,
6-3-1959

மகாகனம் பொருந்திய அய்யா அவர்களுக்கு, தங்கள் மகள் சேதுலட்சுமி வணக்கம். எனக்கு நாலு நாளாக உடம்பு சுகமில்லை. தங்கள் மாப்பிள்ளை மந்தையோடு வெளியூர் போயிருக்கிறார். தாங்கள் புதன்கிழமை அவசியம் வந்து பார்த்துப் போகவும். அம்மா பயப்பட வேண்டாம்.

*

கருங்குளம்,
14-3-1959

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தை முதலில் கேட்கிறேன். இப்போதுதான் ஏன் கேட்க வேண்டும் என்று தெரிகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கார்டு திங்கட்கிழமை வந்தது. வயலில் வைத்துப் படித்துக் காட்டினேன். அய்யா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். புதன்கிழமை இருட்டோடு புறப்பட்டார். அரிவாளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று கிடை வரவில்லை. பொழுது சாயும் வரை மடையில் நின்றேன். அபிராமத்தில் குட்டிகளை இளைப்பாற்றிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார்கள். நீ சுகமாக இருப்பதைப் பார்த்தால் அய்யா அன்றிரவே திரும்பிவிடுவாரே. இரவு முழுவதும் நாய் குரைத்த போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். அய்யா வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் மணிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மடை ஓரத்து முள்ளை இழுத்துப் பிரித்தேன். கை எல்லாம் கிழிந்தது. ஆடுகள் நேராக உள்ளே இறங்கின. பின்னால் வந்த மச்சான் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். “ஏத்தா, மாமா எங்க?” என்றார். உன்னைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். “சேதுவுக்கு என்ன?” என்று கேட்டவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். கையில் இருந்த கம்பு கீழே விழுந்தது. அப்படியே திரும்பி ஓடப் பார்த்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, எல்லாம் பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மச்சான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்தார். “வெளிய நிப்பாட்டிட்டு, மாமாகிட்ட கேட்டுட்டு வடகரையில ரெண்டு ரெண்டாத் தூக்கி விடலாம்னுதான் தாயி வந்தேன்” என்றார்.

பிறகு எழுந்து ஆடுகளை அடித்து விரட்டினார். நானும் விரட்டினேன். பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்துக்குள் இறங்கிய இருநூற்று நாற்பது ஆடு யார் சொல்லைக் கேட்கும்? வெயில் ஏறுவதற்குள் தண்டு மட்டும் மிஞ்சியது. அம்பலம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மச்சான் நம் வயலில் இரவுக் கிடை போட மறுத்து, மற்ற வயல்களுக்கு ஓட்டிப் போய்விட்டார்.

அய்யா அன்று சாயங்காலம்தான் வந்தார். வாசலில் நின்றபடியே அம்மாவிடம், “சேதுவுக்கு அஞ்சு மாசம்” என்றார். அம்மா அழுதாள். இரண்டு தடவை கலைந்த பிறகு இந்தத் தடவை யாருக்கும் சொல்லாமல் இருக்கிறாள், நீயும் வாயைத் திறக்காதே என்றார். பிறகு வயலுக்குப் போனார். நான் தூரத்தில் நின்றேன். வேலி பிரிந்திருந்த இடத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்கவில்லை. கத்தவில்லை.

இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. மச்சான் சொல்லிவிட்டாரா? நீ சொன்னாயா? அய்யா அங்கே என்ன கேட்டார், எவ்வளவு நேரம் இருந்தார், எழுது. பயத்தில் நானாக அழித்துவிட்டேன் அக்கா. நான் பிரிக்காமல் இருந்திருந்தால் உளுந்தும் நின்றிருக்கும், மச்சானுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ராக்கு

*

ஆலடிவலசை,
30-3-1959

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். வயிறும் சுகம். உன்னிடம் சொல்லாததற்கு வருத்தப்படாதே. வாயால் சொன்னால் இதுவும் நிற்காது என்று பயந்தேன். பயம் உனக்கு மட்டும் சொந்தமா?

அய்யா பதினோரு மணி வாக்கில் வந்தார். மோர் குடித்தார். உச்சிப் பொழுதுக்கு முன்பே புறப்பட்டுவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

பரீட்சையை நன்றாக எழுது.

சேதுலட்சுமி

*

கருங்குளம்,
12-12-1959

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மகள் சுகமா? குப்புற விழுகிறாளா? அம்மா பிள்ளைக்குப் பழைய சேலையில் விரிப்பு தைத்து வைத்திருக்கிறாள். நான் இப்போது அபிராமத்துக்கு ஒன்பதாம் வகுப்புக்கு நடந்து போய் வருகிறேன்.

மறுபடி இரவில்தான் எழுதுகிறேன். ஒரு விஷயம் நடந்திருக்கிறது. ஆடு மேய்ந்த உளுந்துத் தண்டை அய்யா கோடை மழையில் அப்படியே மடக்கி உழுதார் அல்லவா? புரட்டாசியில் அதன் மேல் நெல் விதைத்தார். ஊரில் எல்லாப் பயிரும் வெளிர் பச்சையாக நிற்க, மடைச்செய் மட்டும் கருகருவென்று நிற்கிறது. நம் வயலில்தான் ஒரு ராத்திரிகூடக் கிடை படுக்கவில்லை. முதலில் அம்பலம், மேய்ந்த ஆடு போட்ட புழுக்கைதான் காரணம் என்றார். எட்டு ராத்திரி கிடை படுத்த அவர் வயலையும் நம் வயலையும் காதர் மைதீன் சார் மாறி மாறிக் காட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். உளுந்து வேர் மண்ணுக்கு எரு சேர்த்துவைக்குமாம். சார் எங்கிருந்தோ ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து, வேரில் முடிச்சு முடிச்சாக இருப்பதைக் காட்டினார்.

நேற்று அம்பலம் நம் வீட்டுக்கே வந்தார். மடைப் பக்கத்து வயல் பதினாலும் வரும் தையில் உளுந்து விதைக்கப் போகிறதாம். வாய்க்கால் ஓரம் ஆடு இறங்க ஒரு பாதை விட்டுவிட்டு, கிடையைப் பங்குனி கடைசியில் வரச் சொல்ல வேண்டுமாம். “மருமகனுக்கு நீதான் எழுதணும்” என்று அய்யாவிடம் சொன்னார்.

அய்யா எழுத வேண்டுமென்றால் நான்தான் எழுத வேண்டும். அதுதான் எனக்குப் பயம். போன மார்ச் பேச்சு வரும். நீ உச்சிப் பொழுதுக்கு முன் புறப்பட்டார் என்றாய். அய்யா வந்தது மறுநாள் சாயங்காலம். நடுவில் எங்கே இருந்தார்? ஒன்பது மாதமாக அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

ராக்கு

*

கருங்குளம்,
20-1-1960

அன்புள்ள மகள் சேதுலட்சுமிக்கு,

அய்யா கூத்தையா சொல்ல, ராக்கு எழுதுவது. நாங்க எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா இருக்கணும். நான் பேசுறத அப்படியே எழுதணும், பள்ளிக்கூடத்து எழுத்தா மாத்தக் கூடாதுன்னு இவகிட்டச் சொல்லியிருக்கேன்.

மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. கெடைய இந்த வருசம் பங்குனி கடைசியில ஓட்டி வந்தாப் போதும். அதுவரைக்கும் மடைப் பக்கம் முச்சூடும் உளுந்து நிக்கும். வாய்க்கா ஓரமா ஆட்டுக்குப் பாதை விட்டிருக்கோம். இது ஊரு சொல்லச் சொன்னது.

இனி நான் சொல்றது.

அன்னைக்கு ஒன்னப் பாக்க வந்தேன். நீ உள்ளேருந்து எந்திரிச்சு வந்த. ஒன் வயித்தப் பாத்தேன். நோயில்லன்னு தெரிஞ்சுபோச்சு. கொல்லையில பட்டி காலியாக் கெடந்துச்சு. எந்த ஊருக்கு ஓட்டிப் போயிருக்காருன்னு கேக்கல. நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு மோரக் கொடுத்த. அதுலயே தெரிஞ்சுபோச்சு, யாரு கெடை, எந்த ஊருன்னு.

பன்னெண்டு மணி பஸ் நின்னுச்சு. ஏறினா ராத்திரிக்கு வயல்ல இருந்திருப்பேன். ஏறல. கையில அருவா இருந்துச்சு. ஊரு முன்னாடி சொன்ன சொல்லு இருந்துச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன் புருசன் நிப்பாரு. எனக்கு என் மேலயே பயமாயிருச்சு தாயி. ஏர்வாடி தர்காவுல போயிப் படுத்துட்டேன். மறுநாளும் முதல் பஸ்ஸ விட்டுட்டேன். வேணும்னுதான் விட்டேன். என் வெள்ளாமைய நானேதான் விட்டுக் கொடுத்தேன். வேற யாரு மேலயும் பழியில்ல.

திரும்பி வந்து வேலியப் பாத்தேன். வெளியேருந்து ஊருக்காரன் பிரிச்சிருந்தா முள்ளு வெளிய கெடக்கும். முள்ளு உள்ள கெடந்துச்சு. கார்டப் படிச்சப்பவே இந்தப் பிள்ளைக்குக் குரல் நடுங்குச்சு. கையில அத்தனை கீறல். நான் அன்னைக்கே பேசியிருக்கணும். பெத்த மகளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லாமப் போச்சேன்னு வெக்கம். அதான் பேசல.

இந்த எடத்துல ராக்கு எழுதுறத நிப்பாட்டிட்டு ஒக்காந்திருக்கா. எழுது தாயின்னு சொல்லிக்கிட்டிருக்கேன். எழுத மாட்டேங்கிறா.

எழுதிட்டா.

பேத்தியத் தூக்கிக்கிட்டு நீயும் வா.

இப்படிக்கு,
அய்யா கூத்தையா
(கைநாட்டு)